அறைக்கு அடங்கிய ஹெலிகாப்டர்

கடைக்காரர் இன்னொரு ரிமோட் ஹெலிகாப்டரை எடுத்து வைத்தார். "கையகலம்தாம்மா. இதைவிடச் சின்னது கிடையாது. ரூம்ல கட்டிலை மட்டும் நகர்த்திட்டா தாராளமா பறக்கும்."

"கட்டிலை நகர்த்த முடியாதுன்னு எத்தனை தடவை சொல்றது? ஓட்டப்போறவரே அதுலதான் படுத்திருக்காரு" என்றாள் செண்பகவல்லி. கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அவள் கணவன் கதிரேசனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கடைக்காரர் பேட்டரியைப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அது எழும்பியதும் சுவரில் மோதியது. எடுத்துக் கொடுத்தாள். பீரோவில் மோதியது. எடுத்துக் கொடுத்தாள். கட்டிலுக்கடியில் விழுந்ததைத் துடைப்பத்தால் இழுத்து அவன் போர்வைமேல் வைத்தாள்.

"மெதுவா ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?"

"மெதுவாத்தான் ஓட்டுறேன். ரூம்தான் குறுக்க வருது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிதாபப்பட்டு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று அவன் சாத்தியே வைக்கச் சொன்ன வாசல் கதவைப் படாரென்று திறந்தாள்.

"கதவைச் சாத்துடி. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். இனிமே என்னால குனிய முடியாது."

அவன் வெகுநேரம் தெருவையே பார்த்தான். பிறகு கட்டைவிரல் அசைந்தது. போர்வையிலிருந்து எழும்பிய ஹெலிகாப்டர் வாசல் நிலையில் உரசாமல் வெளியே போனது.

"யாருதுங்க இது?" என்று தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவனே பதில் சொல்லட்டுமென்று செண்பகவல்லி கதிரேசனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.