முகத்துக்குப் பச்சை

அவசரப் பிரிவின் வாசல் கேமரா சுடலைமுத்துவின் முகத்தைப் பார்த்துப் பச்சை விளக்கைப் போட்டது. பச்சை என்றால் ஆபத்தில்லை, காத்திருக்கலாம். நர்ஸ் அமலோற்பவத்துக்கு மனம் ஒப்பவில்லை. முகம் பளிச்சென்று இருந்தது. சட்டைக் காலரோ தெப்பலாக நனைந்திருந்தது. கையைத் தொட்டால் சில்லிட்டது.

"அக்கா, இவருக்கு மூஞ்சில மட்டும் வேர்க்கலையா?"

"வேர்த்து ஊத்துச்சு சிஸ்டர். மூஞ்சியே சாம்பலா வெளுத்துப் போச்சு. நாலு பேரு பாக்குற எடம்லா, ஆட்டோவுலயே தொடச்சு பவுடர் போட்டுவிட்டேன்," என்றாள் அவர் மனைவி.

டாக்டரின் கதவு சிவப்புக்குத்தான் திறக்கும். பார்த்த முகத்தைக் கேமரா மறுபடி பார்க்கக் கால் மணி நேரமாகும். அமலோற்பவம் ஈரத்துணியால் அவர் முகத்தை அழுந்தத் துடைத்தாள். கதவைத் தட்டினாள், கத்தினாள். பதினான்காம் நிமிடத்தில் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. மறு நிமிடம் சிவப்பு விழுந்து கதவு திறந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"மொதல்ல பச்சைதான சிஸ்டர் காட்டுச்சு? நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே?"

"இல்லக்கா," என்றாள் அமலோற்பவம். பவுடர் மணத்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.