ஆறாவது ரோபோ

"மாசக்கணக்கா நெட்டு நகர மாட்டேங்குது. இதுல அஞ்சு ரோபோவையும் வைஃபைல சேக்கணுமா?" என்று மனைவி முறைத்தாள்.

காதில் வாங்காமல், கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை அனுப்பினேன்: சுற்று. தரையில் ஐந்தும் சுற்றின. திரையோ ஆறு சுற்றுவதாகச் சொன்னது.

கதவு தடதடத்தது. பக்கத்து வீட்டுக்காரர். கையில் என்னுடையதைப் போலவே ஒரு ரோபோ, சக்கரம் நிற்காமல் சுழன்றது.

"நேத்துதான் சார் வாங்கினேன். நான் நில்லுன்னா நிக்கல, நீங்கதான் ஆட்டி வைக்கிறீங்க! அடுத்தவங்க பொருள்ல கை வெச்சா அதுக்குப் பேரு திருட்டு!"

"எங்க வீட்டு வைஃபைல இருக்கிற ரோபோவுக்கு மட்டும்தான் என் கட்டளை போகும் சார்," என்றேன்.

அவர் ரோபோவை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

மனைவி மெதுவாகக் கேட்டாள்: "எத்தனை மாசமா அண்ணா?"