வெள்ளைக் கோடுகள்

ஊதாச் சாயம் சுரக்கும் கிருமிகளை வளர்த்த தொட்டியில் ஒரு வெண்பட்டுத் துணியை இறக்கினார்கள்.

"சீ, கிருமியா? என்மேல் படாதே!" என்றது பட்டு.

"படாமல் எப்படிச் சாயம் ஏறும்? கொஞ்சம் விரிந்து கொடுங்கள்," என்றது ஒரு கிருமி. "மூன்றே நாள்தான். அப்புறம் எங்களைக் கொதிநீரில் கொன்றுவிடுவார்கள்."

"அதுவரைக்கும் நான் சகித்துக்கொள்ள வேண்டுமாக்கும்!"

பட்டு தன் மடிப்புகளை இறுக்கிக்கொண்டது. உள்ளே ஒரு கிருமியாலும் நுழைய முடியவில்லை. வெளியே எட்டிய இடத்திலெல்லாம் அவை ஒட்டி வாழ்ந்து, பெருகி, தங்கள் நிறத்தைக் கொடுத்தன. நான்காம் நாள் துணியைக் கொதிநீரில் முக்கினார்கள். கிருமிகள் செத்தன. சாயம் மட்டும் நின்றது.

கடையில் பட்டை விரித்து மாட்டியதும் எதிரே இருந்த நிலைக்கண்ணாடி அசந்துபோனது.

"என்ன அழகான ஊதா! யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கவில்லை. என் பிறவி நிறமே இதுதான்."

"அங்கங்கே வெள்ளைக் கோடு ஓடுகிறதே, அது?"

பட்டு பெருமூச்சு விட்டது. "அதை ஏன் கேட்கிறாய்? மூன்று நாள் சில கிருமிகளோடு இருக்க வேண்டியதாகிவிட்டது. அதுகள் பண்ணின வேலை."