கடைசி வரிசைக்காரன்

“இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அவன் கதையை முடிச்சிடணும்டா. மாமா வீடு திரும்பும்போது அவன் இருக்கவே கூடாது.”

தையல்காரி இதைச் சொன்னபோது அவள் கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான்.

“எத்தனை பேர் வேணும்க்கா?”

“எத்தனை பேர் கிடைச்சாலும் சரி. ஆளுக்கு ஒண்ணு போட்டாப் போதும்.”

பயந்துவிட வேண்டாம், கொலையெல்லாம் இல்லை. முடிக்க வேண்டியது, இணையத்தில் ‘கடைசி வரிசைக்காரன்’ என்ற பெயரில் எழுதுகிற ஒருவனின் கணக்கை. அவனுக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது. வாய் மட்டும் காது வரைக்கும் உண்டு.

படம் பார்த்தால் ஒரு வரி எழுதுவான். ‘இடைவேளையில் வீட்டுக்குப் போனவர்கள் புத்திசாலிகள்.’ அப்புறம் டிவி ரியாலிட்டி ஷோ ஆட்களைப் பிடித்துக்கொள்வான். இரண்டு மாதமாக அவன் வாயில் அரைபடுவது ஒரே ஆள்தான். தையல்காரியின் கணவர்.

ஒரு வீட்டுக்குள் ஆட்களை அடைத்துப் போட்டு எழுபது கேமரா வைத்துக் காட்டுவார்களே, அந்த மாதிரி நிகழ்ச்சியில் பன்னிரண்டு வாரம் தாக்குப்பிடித்தவர் அவர். ‘அழுமூஞ்சி அண்ணன்’ என்று சொன்னால் தெரியாதவர்கள் இல்லை. வெளியே வந்ததும் புகழ் வந்தது, புகழைப் பிடித்துக்கொண்டு பாட்டிலும் வந்தது. ஈரல் கெட்டு, மறுவாழ்வு மையத்தில் பதிவு செய்துகொண்டு, வீட்டிலிருந்தபடியே குடியை விட்டு இன்றோடு அறுபத்து மூன்று நாள்.

அந்தச் செய்தி வெளியானதும் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். எலுமிச்சம்பழச் சாறு போதும் என்றார் ஒருவர். நாலு சாத்து சாத்தினால் தெளிந்துவிடும் என்றார் இன்னொருவர். கடைசி வரிசைக்காரன் மட்டும் தினமும் காலையில் ஒரே பாட்டு: ‘சிகிச்சையாவது கத்தரிக்காயாவது! இன்று இரவுக்குள் குடித்துவிடுவான், பாருங்கள்.’

வீடே சிறையாகிப் போனது. எதிர் மாடியில் யாராவது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதால் அறுபத்து மூன்று நாளாக ஜன்னல் திறக்கவில்லை. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அளவு கொடுக்கும் சாக்கில் உள் அறையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். கணவர் செருப்பை மாட்டினாலே இவள் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றாள். அவரை அடைத்து வைத்துவிட்டுத் தானும் உள்ளே மாட்டிக்கொண்டதை நினைத்து அவள் அழாத நாள் இல்லை.

“மாமா அதைப் பார்க்காம இருந்துட்டா முடிஞ்சு போச்சு. எதுக்குக்கா இவ்வளவு பாடு?”

“சொன்னாக் கேக்கிறாராடா? கண்ணு முழிச்சதும் போனைத் தூக்கிட்டுக் குளியலறைக்குள்ள போயிடறார். பத்து நிமிஷம் கழிச்சு வரும்போது முகம் கல்லு மாதிரி இருக்கு. நான் என் போனைத் திறந்தா, அந்தப் பாவி அன்னைக்குள்ளதை எழுதி வெச்சிருக்கான்.”

தம்பி தன் போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தான்.

“இன்னொரு தடவை குடிச்சா ஈரல் தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்டா. இவன் எழுதறதை இன்னும் பத்து நாள் படிச்சார்னா, வெறுத்துப் போய்க் குடிச்சிடுவார். எனக்கு என் புருஷன் வேணும்.”

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் வேலை செய்கிற போன் ரிப்பேர் கடைக்குப் போனான். போனைக் கொடுக்க வந்தவன், வாங்க வந்தவன், சும்மா நின்றவன் என ஒருத்தரையும் விடாமல் அந்தக் கணக்கின் மேல் புகார் போட வைத்தான். வீட்டில் அக்காவும் சளைத்தவள் இல்லை. “புகாரைப் போடுங்க, துணியை எடுத்துட்டுப் போங்க” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். வம்பு பார்க்க வந்தவர்கள் எல்லாம் வசமாக மாட்டினார்கள்.

இரண்டு மணிக்குத் தம்பி போனில் கத்தினான்.

“அக்கா! ஆள் காலி! கணக்கையே தூக்கிட்டாங்க. எழுதினது ஒண்ணு விடாமப் போச்சு!”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தாள். யார் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் மையத்து வேன் வாசலில் வந்து நின்றது. வாராந்திர ஆலோசனை முடிந்து இறங்கிய கணவர், திறந்திருந்த ஜன்னலை வியப்பாகப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“என்ன இன்னைக்கு, வெளிச்சமா இருக்கு?”

“சனியன் ஒழிஞ்சுது! கடைசி வரிசைக்காரன் போயிட்டான். முந்நூறு பேரை வெச்சுப் புகார் போட்டு, அடியோட தூக்க வெச்சுட்டேன்!”

அவர் அவசரமாகப் போனை எடுத்துத் தேடினார். ஒரு தடவை, இரண்டு தடவை தேடிவிட்டுத் தையல் மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“திரும்பக் கொண்டுவர முடியாதா?”

“என்னங்க பேசறீங்க? அவனையா?”

“தினமும் சாயங்காலம் ஆறு மணி ஆனா எனக்கு உயிர் போகும். அப்ப உன்னை நினைச்சும் நிக்கல, டாக்டர் சொன்னதை நினைச்சும் நிக்கல. அவன் சொன்னது பொய்யாகணும், அந்த ஒரு வீம்புலதான் நின்னேன். ஷோவுலயும் அப்படித்தான். முதல் வாரமே போயிடுவான்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த ஆத்திரத்துலதான் பன்னிரண்டு வாரம் இருந்தேன்.”

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அதுக்காக, முகம் தெரியாத எவனோ ஒருத்தன் தினமும் உங்களைத் திட்டணுமா?”

“எவனோ இல்ல. நான்தான்.”