தைராய்டு அக்காவின் கொட்டாவி

பித்தப்பை வேலையில் படு சுட்டி. சாப்பாடு இறங்கியதும் பித்தத்தைப் பிழிந்து அனுப்பிவிடும். ஆனால் கழுத்தில் இருக்கும் தைராய்டு உத்தரவு போட்டால்தான் பித்தம் குடலுக்குள் இறங்கும் கீழ்க்கதவு சரியாகத் திறக்கும்.

"அக்கா, வடை வந்திருக்கு! சீக்கிரம் கதவைத் திறக்கச் சொல்லேன்!"

"சொல்றேன், சொல்றேன். இப்ப என்ன அவசரம்?" என்று கொட்டாவி விட்டது தைராய்டு.

தினமும் இதே பதில்தான். தேங்கிக் கிடந்த பித்தம் கெட்டிப்பட்டுக் கல்லாகிவிட்டது. வலி உயிரை எடுத்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "பித்தப்பையை எடுத்துடலாம்" என்றார். தைராய்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கத்தி நெருங்கியது. "அக்கா, நீயாவது நடந்ததைச் சொல்லேன்!" என்று கதறியது பித்தப்பை.

தைராய்டு மெல்லக் கண் திறந்தது. "இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தா, வெளியே அனுப்பாம வேற என்னடா செய்வாங்க?"