மொய்ப்பெட்டி வாசித்தது

காது குத்துவதற்காகத் தங்கை மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டே, தாய்மாமன் வேல்ச்சாமி போனில் மொய் செலுத்தினார். போனில் வரும் பணத்தை அறிவிக்கும் மண்டபத்து மொய்ப்பெட்டி வழக்கம்போல ஒலிபெருக்கியில் வாசித்தது.

“தாய்மாமன் வேல்ச்சாமி, ஐம்பதாயிரம்.”

கைதட்டினார்கள். பெட்டி நிற்கவில்லை.

“செலவு வகை: தண்டம். இதே வகையில் முன்பு: தங்கச்சி பிரசவம், தங்கச்சி வீட்டு அட்வான்ஸ், தங்கச்சி...”

வங்கிச் செயலியில் அவர் தனக்கு மட்டும் தெரியும் என்று நம்பி எழுதி வைத்திருந்த குறிப்புகள் அவை.

யாரோ ஓடிப்போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்கள். மொய் வரிசையில் நின்ற சொந்தக்காரர்கள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பந்திக்கு நழுவினார்கள். அவரவர் போனில் என்னென்ன எழுதியிருந்ததோ!

தங்கை பேச்சிக்கனி சபைக்கே கேட்கும்படி சிரித்தாள்.

“பேங்க் ஆப்புல கோளாறு. அதுவா என்னத்தையோ உளறுது. அப்படித்தானண்ணே?”

வேல்ச்சாமி அவசரமாகத் தலையாட்டினார். “ஆமாத்தா, கோளாறுதான்.”

“நீங்க குத்துங்க ஆசாரி” என்று பேச்சிக்கனி திரும்பிக்கொண்டாள்.

குழந்தை வீறிட்டது. “பிள்ளைய நல்லாப் பிடிச்சுக்கண்ணே” என்றாள் பேச்சிக்கனி. அதைக்கூடக் குழந்தையின் காதைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கி, வண்டி ஏறும்வரை அண்ணன் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.