வாசலில் ஒரு ஜோடி

அபாயச் சங்கு அலறியது. கடல் ஏறுகிறது என்று இத்தாலியக் காவலாளி சுற்றுலா வந்த எல்லோரையும் குகையிலிருந்து விரட்டினான். கடைசிப் படகு துடித்துக்கொண்டு நின்றது. பத்து வயது மகள் ரென்சியைக் காணாமல் பிலோமினா பதறினாள்.

"எங்க அண்ணன்கூட முதல் படகுலயே ஏறியிருப்பா. நீ வா!" என்று கையைப் பிடித்து இழுத்தான் கணவன் சூசை.

உள்ளே, மாதா சுரூபத்தின் முன்னால் எரிந்த மெழுகுவர்த்திகளை அலை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தது. வாசல் பாறைமேல் சின்னதாய் ஒரு ஜோடி நீலச் செருப்பு. நேற்று ரென்சிக்கு வாங்கியது போலவே இருந்தது.

"இங்க எல்லாப் பிள்ளைங்களும் இதத்தான் போட்டிருக்கு. எதுவோ விட்டுட்டுப் போயிருக்கும்."

பிலோமினாவின் கால் நகரவில்லை.

"ஏங்க, இந்த ஊர்ல மாதாவப் பாக்க யாரு செருப்பைக் கழட்டி வச்சுட்டுப் போறாங்க?"